சார்ஜ் ஏறும் வரைக்கும்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் சம்பங்கிக் கூடையைத் தலைக்கு ஏற்றிய நேரம் பார்த்துத்தான் பாப்பம்மாளின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

இரண்டு கையும் கூடையில். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. எடுக்கும்வரை விடாமல் அடிக்கிற பிடிவாதம் இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

"உமேஷு, கூடைய வாங்கு சாமி" என்று வேன்காரனிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மா, மைசூருக்கு வந்துட்டோம்."

பாப்பம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஹூப்ளிக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு தாரணி போன நாளிலிருந்து, மண்டி மொஹல்லாவில் இருக்கிற அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் புருஷன் கரியப்பன் மகளின் பேரை எடுத்ததில்லை. மற்றவர்களை எடுக்க விட்டதும் இல்லை. தாயும் மகளும் பேசிக்கொள்வதெல்லாம் பூ மார்க்கெட்டின் இரைச்சலுக்கு நடுவில்தான்.

நாளைக் காலையில் சொந்த ஊரான ஹனூரில் தாரணியின் தம்பி சக்திக்குக் கல்யாணம். இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். கூடப்பிறந்தவள் இருந்தும் நிற்கவில்லை என்றால், அவளைப் பெற்ற வீடே கழித்துக் கட்டிவிட்டது என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

"அக்கா நிக்காட்டி எனக்குச் சீரும் வேண்டாம், சோறும் வேண்டாம்" என்று சக்தி முறுக்கிக்கொண்டதும், "பொழுதோட விளக்கு வெக்கறதுக்குள்ள அவ வாசல்ல வந்து நின்னா நிக்கட்டும். இல்லீன்னா ஜோதிமணி நிப்பா" என்று கரியப்பன் சொல்லிவிட்டு எழுந்து போனதும் போன வாரத்துக் கதை. ஜோதிமணி அவருடைய அண்ணன் நஞ்சுண்டசாமியின் மகள். ஹூப்ளியிலிருந்து இவள் எங்கே வந்து சேரப்போகிறாள் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது என்று பாப்பம்மாளுக்குத் தெரியும்.

இதோ, வந்துவிட்டாள்.

"எங்க கண்ணு இருக்கற?"

"ரிங் ரோட்டுல ஒரு ஹோட்டல்கிட்ட. வண்டில சார்ஜ் தீந்துபோச்சும்மா. கரண்ட்டு கார்னு சொன்னனில்ல? முதல்ல ஒரு எடத்துக்குப் போனோம். போன்ல பாத்தா மிஷின் ஓடுதுன்னு காட்டுது, நேர்ல போனா திரை கறுப்பாக் கெடக்குது. இங்க ரெண்டு மிஷின். ஒண்ணுக்குச் சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காங்க. ஓடற ஒண்ணுல வேற வண்டி நிக்குது."

"இருக்கறத வெச்சுட்டு மெல்ல உருட்டிட்டு வந்தற முடியாதா?"

"நரசிபுரம் தாண்டாதும்மா. அதுக்கப்புறம் நம்பி நிக்க ஒரு எடமும் இல்லன்னு இவர் சொல்றாரு." தாரணியின் குரல் இறங்கியது. "நேரத்துக்கு வந்துருவனில்லம்மா?"

பாப்பம்மாள் அவசரமாகப் போனை இடுப்பில் செருகினாள். கரியப்பன் வெற்றிலைக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தார்.

வேனில் பூவெல்லாம் ஏற்றியாயிற்று. மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்ததும் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, ரிங் ரோட்டு வழியாப் போலாமுங்களா?"

"எதுக்கு? பூவு வாடறதுக்கா?"

"தாரணி வந்திருக்கறா."

கரியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"வந்தா வரட்டும். ஹனூருக்கு வழி தெரியாதா அவளுக்கு?"

"வழி தெரியுமுங்க. வண்டிக்குத்தான் தெம்பில்ல."

உமேஷ் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே சொன்னான்: "ரிங் ரோடே ஒள்ளேது அண்ணா. ஊருக்குள்ள போனா டிராபிக் ஜாஸ்தி, சிக்கிக்குவோம்."

உச்சி வெயிலில் என்ன டிராபிக்? பாப்பம்மாள் மனசுக்குள்ளேயே அவனுக்கு ஒரு மாலை போட்டாள். கரியப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேன் ரிங் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

ஹோட்டல் வாசலில் தகரக் கூரைக்கு அடியில், ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்றின் மேல் சாக்கு. இன்னொன்றிலிருந்து தடித்த கறுப்பு வயர் இறங்கி, பெங்களூர் வண்டி ஒன்றின் விலாவில் செருகியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நீலக் கார். பக்கத்தில் தாரணி.

இளைத்திருந்தாள். பாப்பம்மாள் வேனிலிருந்து இறங்கினதும் தெரியவில்லை, நடந்ததும் தெரியவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் தெரிந்தது.

"சம்பங்கி வாசம் அடிக்குதும்மா உன்மேல."

"பூ வண்டியில வந்தவ மேல வேறென்ன அடிக்கும்? நீ ஏன் கண்ணு இப்பிடி வத்திப்போயிட்ட? ஜோள ரொட்டியே தின்னுட்டு இருக்கறயா?"

மூக்குக் கண்ணாடி போட்ட உயரமான பையன் குனிந்து அவள் காலைத் தொட்டான். பசவராஜ். போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்து, வெயிலில் சிவந்துபோயிருந்தான்.

"நமஸ்காரா அத்தே. மாவா எறங்கலயா?"

"அவருக்கு முட்டி வலிங்க தம்பி."

"முட்டியா, கோவமா?" என்றாள் தாரணி.

பாப்பம்மாள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். கரியப்பன் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கத்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மதிலில் பார்க்க ஒன்றுமே இல்லை.

"இந்த வண்டி இன்னும் எத்தன நேரம் நிக்கும்?"

"தொண்ணூறு தாண்டிருச்சும்மா. எண்பது வரைக்கும் மடமடன்னு ஏறும். அதுக்கு மேல சொட்டுச் சொட்டாத்தான். விவரம் தெரிஞ்சவங்க எண்பதுலயே எடுத்துட்டு அடுத்த வண்டிக்கு விட்டுருவாங்க. இவங்க நூறு ஆகட்டும்னு உள்ள போய் உக்காந்துட்டாங்க. இவர் போய்க் கேட்டாரு. குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுதாம்."

"நம்ம குழாயடியில ஒருத்தி குடம் ரொம்பி வழியறப்பவும் எடுக்காம நின்னா என்ன நடக்கும்?"

"அம்மா, அதெல்லாம் இங்க..."

பாப்பம்மாள் அதற்குள் ஹோட்டல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

குழாயடியில் பேசுகிற பேச்சை அவள் அங்கே பேசவில்லை. குளுகுளு அறையில் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் குழந்தையின் அப்பாவிடம் போய், தெரிந்த கன்னடத்தில், "ஸார், அவ என்ற மக. இன்னிக்குப் பொழுதுக்குள்ள அவ தம்பி பக்கத்துல போய் நிக்கோணும். நின்னாத்தான் ஸார் அவ எங்க வீட்டுப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். தமிழும் கன்னடமும் கலந்து வந்தது. அந்த மனுஷன் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து வந்தான். வயரைப் பிடுங்கும்போது, "ஸாரி அம்மா, கொத்திரலில்லா, தெரியாமப் போச்சு" என்றான்.

நீலக் கார் முன்னால் வந்து நின்றது. பசவராஜ் காரின் விலாவில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனான். போனில் ஏதோ அழுத்தினால்தான் பெட்டி வேலை செய்யுமாம். தாரணி முகம் கழுவப் போனாள்.

பாப்பம்மாள் காரைச் சுற்றி வந்தாள். மகள் வீட்டு வண்டி. அதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு பொட்டுக்கூட இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. சுப காரியத்துக்குப் போகிற வண்டி.

அவள் மனசு கேட்கவில்லை. வேனின் பின்பக்கம் போய், கல்யாணச் சாமான் பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்து வந்தாள். பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் குழைத்தாள். முன்னால் இரண்டு பொட்டு, கண்ணாடியில் ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒவ்வொன்று. ஆயுத பூஜைக்குக் கரியப்பன் வேலை செய்கிற கட்டடத்தில் கம்பி வளைக்கிற மிஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு மெயின் சுவிட்சுப் பெட்டிக்கும் வைப்பது அவள் வழக்கம். வேலை நடப்பது அதனால்தானே? அப்படியே இந்தக் கார் சோறு தின்கிற வாய் எதுவென்று பார்த்தாள். சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நெஞ்சார ஒரு பொட்டு வைத்தாள். பன்னீர் கொஞ்சம் வழிந்தது.

பசவராஜ் வந்து, போனைப் பார்த்தபடியே வயரை எடுத்துச் செருகினான். பெட்டி ஒரு தடவை முனகியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி செருகினான். மறுபடி சிவப்பு. வயரை வெளியே எடுத்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். வயரின் மூக்கெல்லாம் சந்தனம்.

காவலாளி ஓடி வந்தான். "ஏனம்மா இது! இதென்ன தேவஸ்தானவா? பூஜெ பண்ண வேற ஜாக கெடைக்கலயா? மிஷின் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

பாப்பம்மாள் கிண்ணத்தோடு ஓரடி பின்வாங்கினாள். முகம் கழுவிவிட்டு வந்த தாரணி ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்து, "அம்மா..." என்று இழுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பாப்பம்மாள் தாங்கியிருப்பாள். அந்த இழுப்பில் இருந்த களைப்பைத்தான் தாங்க முடியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து வந்த வண்டியைக் கடைசிக் கட்டத்தில் என் கையாலேயே நிறுத்திவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"அவங்களக் கேக்காதீங்க" என்றான் பசவராஜ் காவலாளியிடம். "நான்தான் வெச்சேன். புது வண்டி, எங்க ஊர்ல பழக்கம். தப்பு என்னது. நானே தொடைக்கறேன்."

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தான். அவன் விரலில் சந்தனம் இல்லை. கிண்ணம் இருந்தது பாப்பம்மாள் கையில். ஆனால் அதற்குமேல் அவனால் என்ன சொல்ல முடியும்?

வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

கரியப்பன் இறங்கி வந்தார். மைசூரில் புதிதாக எழும்பியிருக்கிற கட்டடங்கள் பலவற்றுக்கு எலும்பு முறுக்கிய கை அவருடையது. விரல்கள் நேராக நிமிராது. வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி வழியாக மதிலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று அவர் நடையிலேயே தெரிந்தது. பசவராஜ் கார் பக்கத்தில் மண்டியிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் ஓட்டைகளைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். உள்ளே இருட்டு. கரியப்பன் தன் போனை எடுத்து, டார்ச்சைப் போட்டு, குனிந்து உள்ளே காட்டினார்.

"ஸ்வல்ப மேலே, மாவா."

கரியப்பன் போனை உயர்த்தினார்.

"இன்னும் ஸ்வல்ப."

உயர்த்தினார். மாமனும் மருமகனும் முதல்முதலாகப் பேசிக்கொண்ட பேச்சு அவ்வளவுதான்.

துடைத்து, வெகு நேரம் காயவிட்டு, வயரின் மூக்கையும் துடைத்து, காவலாளி நான்கு தரம் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகு பசவராஜ் செருகினான். பெட்டி முனகியது. யோசித்தது. பச்சை விளக்கு எரிந்ததும் உமேஷ் கைதட்டிவிட்டான். பாப்பம்மாள் கண்ணை மூடி மாதேஸ்வரனைக் கும்பிட்டாள். கும்பிட மட்டும் செய்தாள், கிண்ணத்தைத் தொடவில்லை.

ஆனால் நேரம் போயிருந்தது. பசவராஜ் திரையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மேற்கே பார்த்தான்.

"இது ஏறி, நாங்க ஹனூரு சேர்றதுக்குள்ள இருட்டிரும், தாரணி."

 ரோட்டில் லாரிகள் போயின. தாரணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஜோதிமணியே நிக்கட்டும்மா. நான் பந்தல்ல உக்காந்து பாத்துக்கறேன். தம்பி கல்யாணம் பாக்கக் கெடச்சுதில்ல, போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சின்ன வயசில், கேட்டது கிடைக்காதபோதும் இப்படித்தான் சிரிப்பாள். பாப்பம்மாள் புருஷனைப் பார்த்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, வெறுமனே பார்த்தாள்.

கரியப்பன் தொண்டையைச் செருமினார். "அவள நம்ம வேன்ல ஏறச் சொல்லு. இப்பப் பொறப்பட்டாப் போயர்லாம்."

பாப்பம்மாளுக்கு உடம்பெல்லாம் பூத்துப்போயிற்று. ஆனால் தாரணி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னதுபோலவே அவளும் அம்மாவிடம்தான் சொன்னாள்.

"அம்மா, இவரை இங்க ரோட்டுல தனியா நிறுத்திட்டு நான் மட்டும் போய் நின்னா, அந்த வாசலுக்கு இவர் கடைசிவரைக்கும் வெளியாளுதான். அப்பாகிட்டச் சொல்லு. நான் வரல."

"ஹோகு தாரணி, நான் பின்னாலயே வர்றேன்" என்றான் பசவராஜ். அவள் கேட்கவில்லை. பிடிவாதம். யாரிடமிருந்து வந்த பிடிவாதம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"தனியா யாரு விடறாங்க?" என்றார் கரியப்பன். "முன்னால மூணு பேருக்குத்தான் எடம். நீங்க ஆத்தாளும் மகளும் ஏறுனா எனக்கு எங்க எடம்? நான் இந்த வண்டியில வாரேன்."

பாப்பம்மாள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் கம்பி லாரியின் முதுகில் நின்றுகொண்டே வேலைக்குப் போன மனுஷன். பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லையாம். பொய் சொல்லத் தெரியாதவர் சொல்கிற பொய் எத்தனை அழகாக இருக்கிறது!

தாரணி அப்பாவையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் மருமகனிடம் திரும்பினார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல மாவா. காலைல ஒரு டீ."

"வாங்க. அது பாட்டுக்கு ஏறட்டும்." இரண்டு எட்டு வைத்தவர் நின்று, பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "எண்பது ஆனதும் எடுத்தரோணும். அடுத்த வண்டிக்காரன் வந்து நிப்பான்."

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். வேனுக்குள் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்!

வேன் கிளம்பியது. தாயும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உமேஷ் பாட்டுப் போடக் கை நீட்டி, இவர்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். நரசிபுரம் ரோட்டில் கரும்புக் காட்டின் மேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. நஞ்சுண்டசாமி.

"எங்க வந்துட்டிருக்கறீங்க? சீர் நடத்தற அருமைக்காரரு வந்து உக்காந்தாச்சு. கரியப்பங்கிட்டக் குடு."

"அவரு வேன்ல இல்லீங்க மாமா. மாப்பிள்ளையோட பின்னால கார்ல வர்றாருங்க."

"எந்த மாப்பிள்ளை?"

தெரியாமல் கேட்டதில்லை அது. பாப்பம்மாளுக்குக் காது சுட்டது.

"ஹூப்ளி மாப்பிள்ளைங்க."

நஞ்சுண்டசாமி குரலை உயர்த்தினார். "நல்லாருக்குது! கூறைச்சேலையை எடுத்துக் குடுக்க வேண்டியவன் பெத்த அப்பன். அவன் ரோட்டுல நிக்கறானா? அருமைக்காரரு நமக்காகக் காத்துட்டுக் கெடப்பாரா? அவன் வராட்டி நான் எடுத்துக் குடுத்தர்றேன். ஜோதிமணி சீல மாத்திட்டு ரெடியா நிக்கறா."

கணவனின் அண்ணன் எதிரில் வந்தால் சுவரோடு ஒதுங்கி நின்றே பழகியவள் பாப்பம்மாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் "ஆமாங்க"வைத் தவிர வேறு எதுவும் சொன்னதாக நினைவில்லை.

"மாமா, அந்தச் சேலைய யாரும் தொடக்கூடாதுங்க. நான் பெத்தவ சொல்றேன். என்ற மக வந்துட்டிருக்கறா. அவ அப்பன் வந்துதான் எடுத்துக் குடுப்பாரு."

லைன் கட்டாகிவிட்டது. பாப்பம்மாள் போனை மடியில் வைத்தாள். தாரணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏம்மா அப்பிடிச் சொன்ன? பெரியப்பா சும்மா விடுவாரா? அப்பா வர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிரும்மா."

"தெரியல கண்ணு. வாயில வந்துருச்சு."

மறுபடியும் போன். இந்தத் தடவை சக்தி. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறமாதிரி குரல் எதிரொலித்துக் கேட்டது.

"அம்மா, அக்கா உங்கூட இருக்கறாளா?"

"இருக்கறா சாமி. நீ எங்கிருந்து பேசற? குரலு ஏன் இப்பிடி இருக்குது?"

"குளியலறைக்குள்ள. சீருக்கு முந்தி குளிச்சுட்டு வான்னு அனுப்புனாங்க. உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டுட்டேன். அக்காவும் அப்பாவும் வந்து கதவத் தட்டுனாத்தான் தொறப்பேன்னு சொல்லிட்டேன்."

தாரணி போனைப் பிடுங்கினாள். "டேய், கல்யாண மாப்பிள்ளைடா நீ! பொண்ணு பூங்குழலி வீட்டுக்காரங்க கேட்டா என்ன நெனைப்பாங்க?"

"அவதான்க்கா இந்த ரோசனையே குடுத்தா. இப்பத்தான் போன்ல பேசுனோம்."

உமேஷ் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டீயரிங்கில் குனிந்தான். போனுக்குள் கதவை யாரோ டமடமவென்று இடிக்கிற சத்தம். பின்னாலேயே நஞ்சுண்டசாமியின் குரல்: "தொறடா! இல்லீன்னா ஒடச்சுப்போடுவேன்!"

தாரணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி, அந்தத் தாழ்ப்பாள் தாங்குமாடா?"

இன்னொரு இடி விழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, சக்தி மெதுவாகச் சொன்னான்:

"அப்பா கம்பி வளச்சுப் போட்ட தாழ்ப்பாள்க்கா. நீ வா."